வறண்ட இடக்கண், வறண்ட இடமூக்கு: வெள்ளவத்தைக் கொக்கர் ஸ்பானியல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளி: கொக்கர் ஸ்பானியல், ஆண், விதை நீக்கப்பட்டது, ஐந்து வயது, 13 கிலோ. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றில் வளர்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயர் பிரவுணி. இடது கண்ணில் மூன்று மாதமாகப் பீளை, எவ்வளவு துடைத்தாலும் மறுபடி கட்டுகிறது என்பதே முறைப்பாடு.

பீளை கட்டிய கண் கொழும்பில் எந்தக் கிளினிக்கிலும் அன்றாடம் காணக்கூடியது. இந்த நாயில் கவனிக்கத்தக்கது வேறு. தோலில் தொடங்கிய நோய் காதுக்கு இறங்கி, காதின் உட்புறத்தில் ஒரு நரம்பைத் தொட்டு, கடைசியில் கண்ணைக் காயவைத்திருந்தது. கண்ணை மட்டும் பார்த்தவர்களுக்குக் கண்நோய், காதை மட்டும் பார்த்தவர்களுக்குக் காதுநோய். மூன்றையும் ஒரே மேசையில் பார்க்கும்போதுதான் இது ஒரே நோயின் மூன்று கட்டங்கள் என்பது தெரியும்.

வரலாறு

நாயைக் கொண்டுவந்தவர்கள் தாயும் பல்கலைக்கழகம் செல்லும் மகனும். ஒரு சொப்பிங் பை நிறைய மருந்துப் போத்தல்களும் வந்தன. அந்தப் பையை மேசையில் கொட்டி வரிசைப்படுத்தியதில் பாதி வரலாறு கிடைத்துவிட்டது. எனக்கு அது எப்போதும் பிடித்த வேலை. உரிமையாளர் மறந்ததைப் போத்தல் மறப்பதில்லை.

ஒன்றரை வயதிலிருந்தே பிரவுணி பாதங்களை நக்குகிறது. விரலிடுக்கில் உரோமம் எச்சில் பட்டுத் துருநிறமாகிவிட்டது. அக்குள், வயிற்றடி, காதுமடல்களின் உட்புறம் என்று சிவப்பு வந்து வந்து போகும். ஊசி போட்டால் இரண்டு கிழமை அடங்கும், பிறகு பழையபடி. இரண்டு வயதில் காது நாறத் தொடங்கியது. துளிமருந்து விட்டால் நிற்கும், விட்டதும் திரும்பும். இடையில் அம்மம்மா உள்ளி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை ஆறவைத்து விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் நாயைக் கடலில் குளிக்க விடுவார். தொங்கும் காதுக்குள் போன ஈரம் லேசில் காய்வதில்லை.

கடைசியாகத்தான் கண். முதலில் தேயிலைச் சாயத்தால் கழுவினார்கள். பிறகு பாமசியில் சிட்டையில்லாமல் வாங்கிய துளிமருந்து. அதில் நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டிரோயிட்டும் கலந்திருந்தது. விட்ட முதல் இரண்டு நாள் சிவப்புக் குறைந்ததால் நல்ல மருந்து என்று நம்பித் தொடர்ந்திருக்கிறார்கள். கருவிழியில் புண் இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டிரோயிட் துளி விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஒவ்வொரு மாதமும் யாருக்காவது விளக்கவேண்டியிருக்கிறது. புண் ஆறுவதை அது தடுக்கும். கிருமி இருந்தால் அதற்குக் கதவையும் திறந்துவிடும்.

கேட்டவுடன் சொல்லாமல், இரண்டாம் முறை கேட்டபோது தாய் சொன்ன ஒன்று முக்கியமானது: “சாப்பிடும்போது இடப்பக்கத்தால் சோறு சிந்துகிறது, டொக்டர். சொண்டும் கொஞ்சம் தொங்குகிறமாதிரி இருக்கிறது.”

இலங்கையில் ஒரு நாயின் வாய் தொங்குகிறது, உணவு சிந்துகிறது என்று கேட்டால் முதலில் நினைக்கவேண்டியது விசர்நோய். நான் அந்த இடத்திலேயே நிறுத்திக் கையுறை போட்டுக்கொண்டு தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். ஆண்டுதோறும் போடப்பட்டிருந்தது. வேறு நாய் கடித்ததாக வரலாறு இல்லை. குணம் மாறவில்லை, தண்ணீரை விழுங்குகிறது, தாடை இறுக மூடுகிறது. விசர்நோயில் பக்கவாதம் வந்தால் பொதுவாகத் தாடையே தொங்கும், விழுங்கவும் முடியாமல் போகும், சில நாட்களில் நாய் இறந்துவிடும். இங்கே கிழமைக்கணக்காக ஒரே பக்கச் சொண்டு மட்டும். ஆகவே அந்தச் சந்தேகம் விலகியது. ஆனாலும் அதைக் கேட்காமல் யாரும் இத்தகைய நாயின் வாய்க்குள் விரல் விடக்கூடாது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நாய்த்தலைகள் பரிசோதனைக்குப் போவது இன்னும் நிற்கவில்லை.

பரிசோதனை

கண் பரிசோதனையில் வரிசை பிசகக்கூடாது. கழுவுவதற்கு முன், சாயம் இடுவதற்கு முன், மரப்புத்துளி விடுவதற்கு முன், முதலில் ஷிர்மர் கண்ணீர்ச் சோதனை. 1903இல் ஓட்டோ ஷிர்மர் மனிதருக்காக வகுத்த முறை இது. அளவிடப்பட்ட வடிதாள் கீற்றை கீழிமையின் உட்புறத்தில் மடித்துவைத்து, எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. மனிதருக்கு ஐந்து நிமிடம், நாய்க்கு ஒரு நிமிடம் போதும். 15 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் நாய்க்குச் சாதாரணம். 5க்குக் கீழே என்றால் கடும் வறட்சி.

பிரவுணியின் வலக்கண் 19. இடக்கண் 2.

மூன்று மாதமாகத் துடைத்த பீளையின் பொருள் இதுதான். கண்ணீரின் நீர்ப்பகுதி வற்றும்போது சளிப்பகுதி மட்டும் மிஞ்சித் தடித்து ஒட்டுகிறது. பார்ப்பவருக்கு அது சீழாகவே தோன்றும். நுண்ணுயிர்க்கொல்லித் துளி விடும்போது அந்தத் துளியே சிறிது ஈரம் தருவதால் ஓரளவு தெளிந்ததுபோல இருக்கும். விட்டதும் பழையபடி.

புண்ணில் மட்டும் ஒட்டும் ஃபுளோரசின் சாயமிட்டதில் கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் மேலோட்டமான புண் பச்சையாக ஒளிர்ந்தது. கண்ணழுத்தம் இரு கண்ணிலும் சாதாரணம். முன்னறை தெளிவு. உண்ணிக் காய்ச்சல் மலிந்த ஊர் என்பதால் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமியால் வரும் உட்கண் அழற்சியையும் தேடினேன், இல்லை. இமைகளை விரலால் தொட்டதும் வலக்கண் பட்டென்று மூடியது. இடக்கண் பாதிதான் மூடியது, ஆனால் கண்விழி பின்வாங்கி, கண்ணின் உள்மூலையில் நாய்க்கு உள்ள மூன்றாம் இமை எழுந்தது. தொடுகையை உணரும் ஐந்தாம் நரம்பு வேலைசெய்கிறது, மூடும் கட்டளையைக் கொண்டுபோகும் ஏழாம் நரம்புதான் சோர்ந்திருக்கிறது என்பது இதனால் விளங்கியது.

அடுத்து மூக்கு. வலத் துவாரம் ஈரமாகப் பளபளத்தது. இடத் துவாரத்தின் ஓரம் வறண்டு, பொருக்குத் தட்டி, விரலால் தடவினால் பட்டைபோலக் கரடுமுரடாக இருந்தது. மூக்கின் நடுக்கோட்டோடு அந்த வறட்சி நின்றுவிட்டது. இந்த ஒரு அடையாளத்துக்காகவே இந்நிகழ்வை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம்.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்கின் பக்கச் சுரப்பிக்கும் போய்ச் சுரப்பைத் தூண்டும் பரிவிணை நரம்பு இழைகள் மூளையிலிருந்து ஏழாம் நரம்பான முகநரம்போடு சேர்ந்தே புறப்படுகின்றன. நடுச்செவியை ஒட்டிய எலும்புக்குள் சேர்ந்தே பயணித்து, அங்கே பிரிந்துபோகின்றன. ஆகவே ஒரே பக்கத்தில் கண்ணீர் வற்றி, மூக்கு வறண்டு, சொண்டும் தொங்கினால் கோளாறு கண்ணீர்ச் சுரப்பியில் இல்லை. கம்பி அறுந்த இடம் அந்த எலும்புக்குள், பிரிவு நடக்கும் இடத்திலோ அதற்கு முன்னரோ.

கொக்கருக்குக் கண்வறட்சி என்றதும் எல்லோரும் நினைப்பது, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கண்ணீர்ச் சுரப்பியையே தாக்கும் வகையைத்தான். இந்த இனத்துக்கு அது நன்றாகத் தெரிந்த நோய். ஆனால் அது பெரும்பாலும் இரு கண்ணையும் பிடிக்கும், மூக்கை விட்டுவிடும். சல்ஃபா மருந்தாலும் கண் வறளும் என்பதால் மருந்துப் பையில் அதையும் தேடினேன். ஒரு பழைய அட்டை கிடைத்தது. ஆனால் அதைக் கொடுத்து இரண்டு ஆண்டாகிறது, மருந்தால் வரும் வறட்சியும் ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்து வருவது அரிது. கண்ணை வறளவைத்துக் காற்பட்டைகளையும் தடிக்கச்செய்யக்கூடிய டிஸ்டெம்பர் வைரசு நோய்க்குத் தடுப்பூசி இருந்தது, காற்பட்டைகள் மென்மையாக இருந்தன. கண்ணீரில் ஒரு பங்கைத் தரும் மூன்றாம் இமைச் சுரப்பி வெளித்தள்ளி வெட்டப்பட்ட வரலாறும் இல்லை. நரம்பால் வரும் கண்வறட்சியில் பல நாய்களுக்குக் காரணமே அகப்படுவதில்லை என்பது உண்மை. தைரோயிட் குறைபாட்டையும் நீரிழிவையும் குருதிச் சோதனையில் விலக்கினோம். இந்த நாய்க்குக் காரணம் தேட அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை, காதிலிருந்து வந்த நாற்றமே வழி சொன்னது.

வலக்காதில் தேன்நிறக் குறும்பி. கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்ததில் கால்தடம் போன்ற வடிவில் மலசீசியா என்ற மதுவம் (ஈஸ்ட் வகைப் பூஞ்சை) நிறைய. இடக்காதில் பச்சை கலந்த சீழ். காதுக்குழாய் வீங்கி, ஒட்டோஸ்கோப்பின் மிகச்சிறிய கூம்புகூட உள்ளே போக மறுத்தது. பூச்சில் கோல்வடிவ பக்டீரியாக்களும் அவற்றை விழுங்கிய நியூட்ரோபில் வெள்ளணுக்களும். கோல்வடிவம் என்றால் சூடோமோனாஸை நினைக்காமல் இருக்கமுடியாது. மாதிரியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினோம். அது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்றே பின்னர் உறுதியானது.

தோலில் ஆழமாகச் சுரண்டிப் பார்த்ததில் டெமோடெக்ஸ் என்ற தோல் சிற்றுண்ணி இல்லை. காதுமடல் ஓரத்தைத் தேய்த்தபோது பின்னங்கால் சொறியத் துடிக்கவில்லை, ஆகவே சார்கோப்டிஸ் சொறியும் அநேகமாக இல்லை. தெள்ளு ஒன்றிரண்டு இருந்தது. ஆனால் தெள்ளு ஒவ்வாமையில் வாலடியும் முதுகின் பின்பகுதியும் புண்ணாகும். இங்கே முகம், பாதம், அக்குள், காது. வயதும் இடமும் அட்டோபி, அதாவது தூசி போன்ற சுற்றுச்சூழல் பொருட்களுக்கான ஒவ்வாமை, அல்லது உணவு ஒவ்வாமையையே காட்டின. சொறிச்சலைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது தாய் ஆறு என்றார், இரவில் அதே அறையில் படுக்கும் மகன் எட்டு என்றார். நான் எட்டை எழுதிக்கொண்டேன்.

சிகிச்சை

இங்கே ஒரு முடிச்சு. இடக்காதின் வீக்கம் வற்றினால்தான் உள்ளே பார்க்கலாம், அதற்கு வாய்வழி பிரட்னிசொலோன் வேண்டும். கருவிழியில் புண்ணும் கண்ணீர் இல்லாமையும் இருக்கும்போது ஸ்டிரோயிட் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உட்கொள்ளும் ஸ்டிரோயிட் துளிமருந்து அளவுக்குக் கருவிழியைக் கெடுக்காது, சிலர் தொடங்கியிருப்பார்கள். அதில் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் காது மூன்றாண்டு காத்திருந்தது, இரண்டு கிழமை மேலும் காத்திருக்கும். புண் ஆழமானால் கண் போய்விடும். முதலில் கண்.

பாமசித் துளிமருந்தை அன்றே நிறுத்தினோம். புண்ணுக்கு டோப்ரமைசின் துளி, பகலில் இரண்டு மணிக்கொருமுறை ஹயலுரோனேட் செயற்கைக் கண்ணீர், இரவில் பசைமருந்து, கழுத்தில் கூம்புப் பட்டி. வலிக்காக அட்ரோபின் விடும் வழக்கம் உண்டு, இந்தக் கண்ணுக்கு அது ஆகாது. இருக்கும் கொஞ்சக் கண்ணீரையும் அது வற்றவைக்கும்.

கண்ணீரை வரவழைக்க பைலோகார்பின். சாதாரணக் கண்வறட்சிக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைத் தணிப்பது, அறுந்த கம்பிக்கு அதனால் பெரிய பயனில்லை. நரம்பு தரவேண்டிய தூண்டலைப் பைலோகார்பின் நேரடியாகச் சுரப்பிக்குத் தருகிறது. மனிதரின் கண்ணழுத்த நோய்க்கான 2 சதவீதத் துளிமருந்தையே பயன்படுத்தினோம், ஆனால் கண்ணில் அல்ல, உணவில். 10 கிலோவுக்கு ஒரு துளி வீதம் நாளுக்கு இருமுறை தொடங்கி, சில நாட்களுக்கொருமுறை ஒவ்வொரு துளியாகக் கூட்டி, வாயூறுதல், சத்தி, வயிற்றோட்டம் ஏதாவது தென்பட்டால் ஒரு படி இறங்கி நிற்பது. கண் துளிமருந்தைச் சோற்றில் விடச் சொன்னால் எந்த வீட்டிலும் நம்பமாட்டார்கள். சிட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் அம்மம்மாவுக்கும் தொலைபேசியில் சொன்னேன். பிரவுணிக்கு மூன்று துளியில் வயிறு இளகியது, இரண்டில் நிறுத்தினோம்.

காதுக்கு இந்தக் கட்டத்தில் இளஞ்சூட்டு சேலைன் மட்டும். செவிப்பறை கண்ணுக்குத் தெரியாதபோது ஜென்டாமைசின், நியோமைசின், குளோர்ஹெக்சிடின் எதையும் உள்ளே ஊற்றக்கூடாது. பறை கிழிந்திருந்தால் அவை உட்செவிக்குப் போய்க் கேட்கும் திறனையும் சமநிலையையும் பறிக்கலாம். உள்ளி எண்ணெயை நிறுத்தச் சொன்னபோது அம்மம்மாவுக்கு முகம் வாடியதாக மகன் சொன்னார். அவர் மனிதக் காதுக்குச் செய்வதைத்தான் செய்தார். நாயின் காதுக்குழாய் கீழிறங்கிப் பிறகு உள்ளே திரும்பும். ஊற்றிய எண்ணெய் அந்த வளைவில் தேங்கிவிடும்.

இரண்டு கிழமையில் புண் மூடியது, சாயம் ஒட்டவில்லை. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் பிரட்னிசொலோன் தொடங்கினோம். வீக்கம் வற்றியபின் மயக்க மருந்தில் காதைத் திறந்து பார்த்தோம். மயக்கத்தின்போது கண்ணீர் மேலும் குறையும் என்பதால் இரு கண்ணிலும் தடிப்பாகப் பசைமருந்து. வாயைத் திறந்துவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இடது நடுச்செவிக் குமிழியின், அதாவது நடுச்செவியைச் சூழ்ந்த எலும்புக் கூட்டின், சுவர் வலப்பக்கத்தைவிடத் தெளிவாகத் தடித்து, உள்ளே காற்று இருக்கவேண்டிய இடம் மங்கலாக இருந்தது.

செவிப்பறை கிழியவில்லை. சாம்பல் நிறமாகி வெளிப்புறம் புடைத்திருந்தது. வெளிக்காதிலிருந்து உள்ளே போன கிருமி பறையைக் கிழித்து நுழைந்தபின், பறை தானாக மூடிக்கொண்டு சீழை உள்ளே பூட்டிவைப்பது உண்டு. முழுமையான பறையைப் பார்த்துவிட்டு நடுச்செவி சுத்தம் என்று முடிவுகட்டுவது பலர் விழும் குழி. பறையின் கீழ்ப்பின் பகுதியில், பறையோடு ஒட்டிய காம்புபோன்ற எலும்பிலிருந்து விலகி, ஊசிமுனைக் குழாயால் துளையிட்டோம். சளிபோன்ற சீழ் வந்தது. அதையும் தனியாக வளர்ப்புக்கு அனுப்பிவிட்டு, கழுவும் சேலைன் தெளிந்து வரும்வரை கழுவினோம். விழித்தபின் தலை இடப்பக்கம் சாய்ந்து, ஓரிரு நாளில் நேராகியது. இதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை.

வளர்ப்பு முடிவின்படி என்ரோஃபுளோக்சசின், கிலோவுக்கு 20 மில்லிகிராம் நாளுக்கொருமுறை, ஆறு கிழமை. காதுக்குள் டிரிஸ் ஈடிடிஏ கரைசலில் கழுவி, அதன்பின் சிப்ரோஃபுளோக்சசின் துளி. டிரிஸ் ஈடிடிஏ சூடோமோனாஸின் வெளிச்சுவரைத் தளர்த்தி மருந்துக்கு வழிவிடுகிறது. விலை குறைவென்று சிப்ரோஃபுளோக்சசின் குளிசை கேட்பவர்கள் உண்டு. நாயின் குடல் அதை உறிஞ்சுவது ஒரு நாய்க்கு ஒரு மாதிரி என்பதால் நான் தவிர்க்கிறேன். பூனை வளர்ப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்தால் ஒன்று: என்ரோஃபுளோக்சசின் பூனைக்கு நாளுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரையை அழித்துக் குருடாக்கக்கூடும். நாயின் மிச்சக் குளிசையைப் பூனைக்குக் கொடுக்கவேண்டாம்.

தோல், அதாவது தொடக்கம்

காதைக் கழுவி நிறுத்தினால் மூன்று மாதத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவோம். ஒவ்வாமையைப் பிரித்தறிய உணவு விலக்குச் சோதனை வேண்டும்: நாய் இதுவரை உண்ணாத ஒரு புரதம், குறைந்தது எட்டுக் கிழமை, வேறெதுவும் வாயில் படக்கூடாது.

எதை இதுவரை உண்ணவில்லை என்ற கேள்விக்குப் பதில் காண ஒரு பின்னேரம் முழுக்கக் கதைக்கவேண்டியிருந்தது. கோழி தினமும். மீன்தலை, முட்டை, தயிர்ச்சோறு, தோசைத் துண்டு, மாரி பிஸ்கட் எல்லாம் உண்டு. ஆட்டிறைச்சி தீபாவளிக்கு, எலும்போடு. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மட்டும் இல்லை. நாய்களின் உணவு ஒவ்வாமைப் பட்டியலில் முதலிடத்தில் நிற்பது மாட்டிறைச்சி. இந்த வீட்டு நாய்க்கோ அதுவும் புதியது. ஆனால் அந்தச் சமையலறைக்குள் அது வரப்போவதில்லை, வரச்சொல்லும் உரிமையும் எனக்கில்லை. நீராற்பகுப்புச் செய்த, அதாவது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த, இறக்குமதி உணவின் விலையைச் சொன்னதும் தாய் பேசாமல் இருந்தார். கடைசியில் வழி கண்டது மகன். மேல்மாடியில் இருக்கும் கத்தோலிக்க அன்ரி, தன் வீட்டுச் சட்டியில் பன்றியிறைச்சியும் வற்றாளைக்கிழங்கும் உப்பில்லாமல் அவித்துத் தர ஒத்துக்கொண்டார். பிரவுணி சாப்பிடுவது படிக்கட்டுத் தளத்தில். அப்படியொரு ஏற்பாடு எந்தப் பாடநூலிலும் இருக்காது. நீண்டகாலத்துக்கு இது நிறையுணவல்ல, வளர்ந்த நாய்க்குச் சோதனைக் காலம் வரை போதும்.

மூன்றாம் கிழமை சொறிச்சல் ஏறியது. அம்மம்மா தேநீரோடு ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தார். “ஒன்றுதானே மகன்” என்றாராம். நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். பிரட்னிசொலோன் முற்றாக நின்றபின்னும் எட்டாம் கிழமையில் சொறிச்சல் மகனின் கணக்கில் நான்கு. தயிரைத் திருப்பிக் கொடுத்ததில் மாற்றமில்லை. கோழி கொடுத்த மூன்றாம் நாள் பாதங்கள் சிவந்தன. கோழியை விலக்க மறுபடி இறங்கியது. ஆகவே பாதி உணவு ஒவ்வாமை. மீதி நான்கு அட்டோபி, அநேகமாக வீட்டுத்தூசிப் பேன். ஆண்டு முழுக்க ஈரக்காற்று வீசும் கொழும்பில் அதற்குப் பருவகாலம் என்று ஒன்று இல்லை. கிழமைக்கொருமுறை மைக்கோனசோல் ஷாம்பூ, மாதந்தோறும் தெள்ளு மருந்து, படுக்கைத் துணியைச் சுடுநீரில் தோய்த்தல், கடலுக்குப் போனால் காதைக் காயவைக்கும் கழுவுமருந்து என்று ஒழுங்குசெய்தோம்.

இப்போதைய நிலை

ஐந்தாம் மாதம் இடக்கண்ணின் ஷிர்மர் அளவு 12. பைலோகார்பினை ஒரு துளியாகக் குறைத்தும் அளவு விழவில்லை. நரம்பு மீள்வது இப்படி மாதக்கணக்கில்தான் நடக்கிறது, சில நாய்களில் நடப்பதேயில்லை. இமை முழுதாக மூடுகிறது. மூக்கின் பொருக்கு உதிர்ந்துவிட்டது. சொண்டு இன்னும் சற்றுத் தொங்குகிறது, அது அப்படியே நிற்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறேன்.

காதுப் பூச்சில் இப்போது கிருமி இல்லை. செவிப்பறை மூடியிருக்கிறது. இடக்குழாயின் சுவர் மட்டும் பழைய மென்மைக்குத் திரும்பவில்லை, அழுத்தினால் இறுக்கமாகவே இருக்கிறது. மூன்று மாதத்துக்கொருமுறை பூச்சுப் பார்ப்பதென்று பேசியிருக்கிறோம். சூடோமோனாஸ் திரும்பினாலோ குழாய் சுண்ணாம்பேறி மூடினாலோ முழுக் காதுக்குழாயையும் அகற்றி நடுச்செவிக் குமிழியைத் திறந்து சுத்தம்செய்யும் அறுவைச் சிகிச்சைதான் மிஞ்சும். அதில் இதே முகநரம்புக்கு ஆபத்து உண்டு, செலவும் பெரிது. இரண்டையும் தாய்க்கும் மகனுக்கும் விளக்கியாயிற்று. இப்போதைக்கு வேண்டாம் என்பது அவர்களுடைய முடிவு, என்னுடையதும்.